ஈரோட்டில் பிறந்த ராமானுஜன்: கோடிங் இன்டர்வியூ கேள்விக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

கேம்பஸ் இன்டர்வியூவுக்குத் தயாராகும் கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவர்கள் அடிக்கடி சந்திக்கும் கேள்வி இது. ஒரு வரிசையில் எண்கள் இருக்கின்றன. வரிசையைக் கலைக்கக் கூடாது. வேண்டாததை விட்டுவிடலாம். மிச்சம் இருப்பது ஏறிக்கொண்டே போக வேண்டும். அப்படிக் கிடைக்கும் மிக நீளமான தொடர் எது? இதற்குப் பெயர் லாங்கஸ்ட் இன்கிரீசிங் சப்சீக்வென்ஸ். சுருக்கமாக எல்ஐஎஸ்.

இந்தக் கேள்வியைத் தோண்டிக்கொண்டே போனால், கட்டங்களால் ஆன ஒரு வடிவத்தில் போய் முடியும். அப்படிப்பட்ட வடிவங்கள் மொத்தம் எத்தனை என்று எண்ணுவதற்கு 100 வருடங்களுக்கு முன்பே ஃபார்முலா தந்த இருவரில் ஒருவர், திருப்பூரில் ரயில் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய ஈரோட்டில் பிறந்தவர். அவர் சீனிவாச ராமானுஜன்.

ராமானுஜன் கம்ப்யூட்டரைப் பார்த்ததில்லை. எல்ஐஎஸ் என்ற கேள்வியை அவர் எழுப்பவும் இல்லை. ஆனால் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்க்காமலே விடைக்குப் போவது எப்படி என்பதுதான் அவருடைய புகழ்பெற்ற வேலைகளில் ஒன்று. அவருடைய வாழ்க்கையோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் புரிந்துகொள்ளலாம், வாங்க.

முதலில், கேள்வி என்ன?

பனியன் கம்பெனி உதாரணத்தோடு பார்க்கலாம். டையிங் முடிந்து 8 துணி ரோல்கள் வரிசையாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் ஜிஎஸ்எம் இப்படி இருக்கிறது: 180, 140, 220, 160, 200, 150, 240, 210.

இடமிருந்து வலமாக நடந்து போகிறீர்கள். சில ரோல்களை எடுக்கலாம், சிலவற்றைத் தாண்டிப் போகலாம். திரும்பி வரக் கூடாது. அடுத்து எடுக்கும் ரோல், முன்பு எடுத்ததைவிட ஜிஎஸ்எம் அதிகமாக இருக்க வேண்டும். அதிகபட்சம் எத்தனை ரோல் எடுக்கலாம்?

8 ரோல்தானே, கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். 140, 160, 200, 240. மொத்தம் 4.

ஆனால் 100 ரோல் இருந்தால்? ஒவ்வொரு ரோலுக்கும் எடுக்கலாம், விடலாம் என இரண்டு வாய்ப்பு. எல்லாச் சேர்க்கையையும் முயற்சி செய்தால் வரும் எண்ணிக்கை 31 இலக்கம் கொண்டது. எவ்வளவு வேகமான கம்ப்யூட்டராக இருந்தாலும் அது ஆகிற வேலை இல்லை. இன்டர்வியூ எடுப்பவர் விடையை மட்டும் கேட்கவில்லை. எல்லாவற்றையும் முயற்சி செய்யாமல் எப்படி விடைக்கு வருவீர்கள் என்றுதான் கேட்கிறார்.

இந்த இடத்தில் ரோலை அப்படியே வைத்துவிட்டு, ஈரோட்டுக்குப் போவோம்.

ஜவுளிக்கடை கணக்கர் வீட்டுப் பிள்ளை

1887 டிசம்பர் 22 அன்று, ஈரோட்டில் தாய்வழிப் பாட்டி வீட்டில் ராமானுஜன் பிறந்தார். அப்பா சீனிவாச ஐயங்கார், கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அம்மா கோமளத்தம்மாள், கோயிலில் பாடுபவர். குடும்பம் வணங்கிய தெய்வம் நாமக்கல் நாமகிரித் தாயார். பிறப்பும் தெய்வமும் கொங்கு நாட்டில், வளர்ந்தது காவிரிக் கரையில் கும்பகோணத்தில்.

2 வயதில் அம்மை போட்டது. பிழைத்துக்கொண்டார். அவருக்குப் பின் பிறந்த குழந்தைகளில் மூன்று பேர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள்.

1897-ல் தொடக்கப் பள்ளித் தேர்வில் தஞ்சை மாவட்டத்திலேயே முதல் இடம். அடுத்த ஆண்டு கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல். வீட்டில் வாடகைக்குத் தங்கியிருந்த கல்லூரி மாணவர்களுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் சின்ன வயதிலேயே கற்று முடித்துவிட்டார்.

சுமார் 16 வயதில் ஒரு புத்தகம் கைக்கு வந்தது. ஜி.எஸ். கார் என்பவர் எழுதியது. கிட்டத்தட்ட 5,000 தேற்றங்களின் தொகுப்பு. பெரும்பாலும் விடைகள்தான் இருக்கும், அதற்குப் போகும் வழி சுருக்கமாகவோ, இல்லாமலோ இருக்கும். வேறு ஒருவருக்கு அது காய்ந்த பட்டியல். ராமானுஜனுக்கு அது தினமும் புதிர் தரும் வாத்தியார். வழியைத் தானே கண்டுபிடித்தார்.

பேப்பர் வாங்கக் காசு இல்லை. சிலேட்டில் கணக்குப் போடுவார், கையால் அழிப்பார், கடைசி விடையை மட்டும் நோட்டில் எழுதுவார். அவர் நோட்டுப் புத்தகங்களில் நிரூபணங்கள் அதிகம் இல்லாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்று சொல்லப்படுகிறது.

கணக்கில் கெட்டி, மற்றதில் ஃபெயில்

1904-ல் பள்ளி முடிக்கும்போது கணிதத்துக்கான பரிசு கிடைத்தது. கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு இடமும் கிடைத்தது. ஆனால் அவர் கணக்கைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. மற்ற பாடங்களில் தோல்வி. உதவித்தொகை போனது.

1905-ல் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினம் பக்கம் போய்விட்டார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. என்ற தேர்வில் எல்லாப் பாடத்திலும் பாஸ் ஆனால்தான் மேலே போகலாம். 1906-ல் எழுதினார், ஃபெயில். 1907-ல் மறுபடி எழுதினார், மறுபடி ஃபெயில். அவரைக் கவிழ்த்த பாடங்களில் உடலியலும் ஒன்று.

டிகிரி இல்லை. வேலை இல்லை. 1909 ஜூலை 14 அன்று ஜானகியோடு திருமணம் நடந்தது. ஜானகிக்கு அப்போது 10 வயது. 1910-ல் ஒரு அறுவை சிகிச்சை தேவைப்பட்டது. பணம் இல்லாததால் ஒரு டாக்டர் இலவசமாகச் செய்து கொடுத்தார்.

ஃபெயில் ஆனாலும் பெரிய ஆளாகலாம் என்பதற்கு ராமானுஜனை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். நடந்ததைப் பார்த்தால் அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஒரு மேதைக்கே, தேர்வு முறை கதவைச் சாத்திய பிறகு அடுத்த கதவு திறக்க வருடங்கள் ஆயின. அதுவும் நோட்டைத் திறந்து பார்க்க நேரம் ஒதுக்கிய சில பேரால்தான் திறந்தது.

30 ரூபாய் சம்பளமும் ஒரு கடிதமும்

அந்தச் சில பேர் யார்? முதலில் இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய வி. ராமசாமி ஐயர். டெபுடி கலெக்டராக இருந்தவர். ராமானுஜன் வேலை கேட்டுப் போனபோது நோட்டைப் பார்த்தார், சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அடுத்து நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ். முதலில் சந்தேகப்பட்டவர், பிறகு மாதாமாதம் பண உதவி செய்தார். 1911-ல் ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வெளியானது.

1912 மார்ச் 1 அன்று சென்னை துறைமுகத்தில் கிளார்க் வேலை. மாதம் 30 ரூபாய். அங்கே மேலதிகாரியாக இருந்த நாராயண ஐயரும் கணிதம் தெரிந்தவர்.

1913 ஜனவரி 16 தேதியிட்டு, கேம்பிரிட்ஜில் இருந்த ஜி.எச். ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கூடவே பக்கம் பக்கமாகச் சூத்திரங்கள். அதற்கு முன்பு வேறு கணிதப் பேராசிரியர்களுக்கு எழுதியது பலன் தரவில்லை. ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் உட்கார்ந்து படித்தார்கள். எழுதியவர் ஏமாற்றுக்காரர் இல்லை, அபூர்வமான ஆள் என்ற முடிவுக்கு வந்தார்கள்.

அதே ஆண்டு சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. டிகிரி இல்லாதவருக்குக் கொடுத்த விதிவிலக்கு அது. 1914 மார்ச் 17 அன்று நெவாசா என்ற கப்பலில் சென்னையில் இருந்து கிளம்பினார்.

பார்ட்டிஷன் என்றால் என்ன?

கேம்பிரிட்ஜில் ராமானுஜன் செய்த வேலைகளில் நம் கதைக்குத் தேவையானது பார்ட்டிஷன். தமிழில் பிரிவினை என்று சொல்லலாம்.

ஒரே மாதிரி 4 டீ-சர்ட் இருக்கிறது. இவற்றை எத்தனை விதமாகக் கட்டுப் போடலாம்? நாலும் ஒரே கட்டு. மூன்றும் ஒன்றும். இரண்டும் இரண்டும். இரண்டும் ஒன்றும் ஒன்றும். நாலும் தனித்தனி. மொத்தம் 5 விதம். ஆக, 4-ன் பிரிவினை எண் 5.

குழந்தை விளையாட்டு மாதிரித் தெரியும். ஆனால் எண் ஏறினால் இது பூதாகாரமாக வளரும். 5-க்கு 7. 8-க்கு 22. 10-க்கு 42. 100-க்கு 19,05,69,292. 200-க்கு 39,72,99,90,29,388. அதாவது கிட்டத்தட்ட 3.97 லட்சம் கோடி. இதை ஒவ்வொன்றாக எழுதி எண்ணுவது ஒரு ஆயுளில் முடியாது.

பழைய விடை, புதிய விடை

எழுதி எண்ணாமல் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? இரண்டு வழி இருந்தது. இரண்டும் இன்றைய கோடிங் மாணவர்களுக்குப் பாடம்.

முதல் வழி 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் கண்டது. சிறிய எண்களுக்கான விடை தெரிந்தால், அவற்றைக் கூட்டிக் கழித்து அடுத்த எண்ணுக்கான விடையை எடுக்கலாம். 8-ன் பிரிவினை எண் வேண்டுமா? 7-க்கு உரியதையும் 6-க்கு உரியதையும் கூட்டுங்கள், அதாவது 15 கூட்டல் 11. அதிலிருந்து 3-க்கு உரியதையும் 1-க்கு உரியதையும் கழியுங்கள், அதாவது 3-ம் 1-ம். வருவது 22. ஒரு கட்டைக்கூட எழுதிப் பார்க்கவில்லை, விடை வந்துவிட்டது.

இந்த வழியில் 200 வரைக்குமான அட்டவணையைக் கையாலேயே போட்டவர் பெர்சி மேக்மஹோன். பிரிட்டிஷ் ராணுவத்தில் பீரங்கிப் படை அதிகாரியாக இருந்து, இந்தியாவிலும் பணியாற்றிவிட்டுக் கணிதத்துக்கு வந்தவர்.

முன்பு கிடைத்த விடையைத் தூக்கிப் போடாமல் குறித்து வைத்து, அதை வைத்து அடுத்த விடையைக் கட்டுவது. 1950-களில் அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் பெல்மன் இந்த மாதிரி முறைகளுக்கு டைனமிக் புரோகிராமிங் என்று பெயர் வைத்தார். இன்று கோடிங் வகுப்புகளில் மாணவர்களை மிரட்டும் அதே டிபி-தான். பெயர்தான் புதுசு, யோசனை பழசு.

ராமானுஜனும் ஹார்டியும் செய்தது என்ன?

இரண்டாவது வழி இன்னும் தைரியமானது. 200-க்கு விடை வேண்டும் என்றால் அதற்கு முந்தைய எண்களின் விடைகள் எதற்கு? நேரடியாக அந்த எண்ணுக்கே போக முடியாதா?

ராமானுஜனும் ஹார்டியும் 1918-ல் வெளியிட்ட கட்டுரையில் அதற்கு ஃபார்முலா கொடுத்தார்கள். அதன் எளிய வடிவம் தோராயமான விடையைத் தரும். 100-க்குப் போட்டால் உண்மையான விடையைவிடச் சுமார் 4.6 சதவீதம் கூடுதலாக வரும். முழு வடிவத்தில் ஒவ்வொரு உறுப்பாகச் சேர்க்கச் சேர்க்க விடை நெருங்கிக்கொண்டே போகும். 200-க்கு 8 உறுப்புகளைக் கூட்டியதும் மேக்மஹோன் அட்டவணையில் இருந்த அதே 13 இலக்க எண் வந்தது. வித்தியாசம் 0.004 மட்டும்.

ஒருவர் 200 படி ஏறி வந்து நின்ற இடத்துக்கு, இன்னொரு வழியில் 8 படியில் வந்து சேர்ந்தார்கள். மேக்மஹோன் அட்டவணை இல்லை என்றால் ஃபார்முலா சரிதான் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. குறுக்கு வழி கண்டுபிடித்தவர்களும், நீண்ட வழியில் சரிபார்த்த விடையைத்தான் சாட்சியாக வைத்தார்கள். புரோகிராம் எழுதுகிறவர்கள் டெஸ்ட் கேஸ் என்று சொல்வது இதைத்தான்.

அந்த அட்டவணையைப் பார்த்தே ராமானுஜன் இன்னொன்றையும் பிடித்தார். 4, 9, 14, 19 என்று 4-லும் 9-லும் முடியும் எண்களின் பிரிவினை எண்கள் 5, 30, 135, 490. எல்லாமே 5-ஆல் வகுபடும். இது எப்போதும் நடக்கும் என்று நிரூபித்தார். 7-க்கும் 11-க்கும் இதேபோன்ற விதிகளைச் சொன்னார். எல்லோர் கண் முன்னாலும் இருந்த அட்டவணைதான். அந்த ஒழுங்கு கண்ணில் பட்டது அவருக்கு.

இப்போ ரோலுக்குத் திரும்புவோம்

8 ரோல் கேள்விக்கு வருவோம். முதலில், பழைய விடையை வைத்துப் புதிய விடை எடுக்கும் வழி. ஒவ்வொரு ரோலின் மேலும் ஒரு சீட்டு ஒட்டுங்கள். இந்த ரோலில் முடியும் ஏறு தொடர் அதிகபட்சம் எவ்வளவு நீளம் என்பதை அதில் எழுத வேண்டும். 180-க்கு 1. 140-க்கு 1. 220-க்கு, முன்னால் அதைவிடச் சின்னது இருப்பதால் 2. இப்படியே போனால் சீட்டுகள் 1, 1, 2, 2, 3, 2, 4, 4 என்று வரும். பெரிய எண் 4. அதுதான் விடை.

இந்த வழியில் ஒவ்வொரு ரோலும் தனக்கு முன்னால் இருக்கும் எல்லா ரோலையும் பார்க்க வேண்டும். 100 ரோலுக்கு 4,950 ஒப்பீடு. பரவாயில்லை. 1 லட்சம் ரோல் என்றால் கிட்டத்தட்ட 500 கோடி ஒப்பீடு. இது அதிகம்.

இதைவிட வேகமான வழி உண்டு. நுனி என்று ஒரு காலிப் பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. ரோல்களை வரிசையாக ஒவ்வொன்றாக எடுக்கவும்.

2. கையில் இருக்கும் எண்ணுக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய முதல் எண் நுனிப் பட்டியலில் எங்கே இருக்கிறது என்று தேடவும்.

3. இருந்தால், அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கையில் உள்ள எண்ணை வைக்கவும்.

4. இல்லை என்றால், பட்டியலின் கடைசியில் சேர்க்கவும்.

5. எல்லா ரோலும் முடிந்ததும் பட்டியலின் நீளம்தான் விடை.

நம் ரோல்களுக்கு இதைச் செய்து பார்க்கலாம். முதலில் 180. அடுத்து 140 வந்து 180-ஐத் தள்ளிவிட்டு உட்காரும். 220 கடைசியில் சேரும். 160 வந்து 220-ஐத் தள்ளும். 200 சேரும். 150 வந்து 160-ஐத் தள்ளும். 240 சேரும். 210 வந்து 240-ஐத் தள்ளும். கடைசியில் பட்டியல்: 140, 150, 200, 210. நீளம் 4.

ஏன் இப்படி மாற்றுகிறோம்? பட்டியலின் மூன்றாவது இடத்தில் இருப்பது, 3 ரோல் நீளமுள்ள தொடர்கள் முடியும் எண்களில் மிகச் சிறியது. முடிவு எண் சிறியதாக இருந்தால் அதற்கு மேல் இன்னொன்று சேர வாய்ப்பு அதிகம். அதனால் ஒவ்வொரு நீளத்துக்கும் சிறந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்துவிடுகிறோம்.

இந்தப் பட்டியல் எப்போதும் ஏறுவரிசையில்தான் இருக்கும். அதனால் முதலில் இருந்து தேட வேண்டியதில்லை. நடுவில் பார்த்து, பாதியைக் கழித்து, மறுபடி நடுவில் பார்க்கலாம். இதுதான் பைனரி சர்ச். பைதானில் இதற்கு பைசெக்ட் என்ற ரெடிமேட் வசதியே இருக்கிறது. 100 ரோலுக்கு அதிகபட்சம் 700 முறை பார்த்தால் போதும். 1 லட்சம் ரோலுக்குச் சுமார் 17 லட்சம் முறை. 500 கோடி எங்கே, 17 லட்சம் எங்கே! இதைத்தான் என் லாக் என் வேகம் என்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கடைசியில் கிடைத்த 140, 150, 200, 210 என்பது உண்மையான தொடர் இல்லை. வரிசையில் 200-க்குப் பிறகுதான் 150 வருகிறது. நீளம் மட்டும்தான் நம்பத்தகுந்தது. தொடரே வேண்டும் என்றால், ஒவ்வொரு ரோலையும் வைக்கும்போது அதற்கு முந்தைய இடத்தில் எந்த ரோல் இருந்தது என்று குறித்து வைத்து, கடைசியில் பின்னோக்கி வர வேண்டும். இன்டர்வியூவில் பலர் சறுக்குவது இங்கேதான்.

ராமானுஜன் எங்கே வருகிறார்?

மேலே செய்ததில் ஒரு விஷயத்தைக் கவனிக்காமல் விட்டோம். தள்ளப்பட்ட எண்கள் எங்கே போயின?

1961-ல் கிரேக் ஷென்ஸ்டெட் என்பவர் எழுதிய கட்டுரை இதைத்தான் எடுத்துக்கொண்டது. தள்ளப்பட்ட எண்ணைத் தூக்கிப் போடாமல், கீழே இரண்டாவது வரிசையில் அதே விதிப்படி வைக்க வேண்டும். அங்கே ஏதாவது தள்ளப்பட்டால் அது மூன்றாவது வரிசைக்குப் போகும். நம் 8 ரோல்களுக்கு இதைச் செய்தால் முதல் வரிசையில் 140, 150, 200, 210. இரண்டாவதில் 160, 220, 240. மூன்றாவதில் 180.

வரிசைகளின் நீளம் 4, 3, 1. கூட்டினால் 8. அதாவது இது 8-ன் ஒரு பிரிவினை!

முதல் வரிசையின் நீளம் மிக நீண்ட ஏறு தொடரைச் சொல்கிறது. வரிசைகளின் எண்ணிக்கையான 3, மிக நீண்ட இறங்கு தொடரைச் சொல்கிறது. சரிபார்க்கலாம்: 220, 200, 150. மூன்றுதான். 8 ரோலை நீங்கள் எந்த வரிசையில் அடுக்கினாலும், ஒரே ஜிஎஸ்எம் இரண்டு தடவை வராத வரை, கடைசியில் வரக்கூடிய வடிவங்கள் மொத்தம் 22 மட்டுமே. 8 ரோலை அடுக்கும் விதங்களோ 40,320.

இந்தக் கட்ட வடிவங்களை 1900 வாக்கில் அறிமுகம் செய்தவர் ஆல்ஃபிரட் யங். ஷென்ஸ்டெட்டின் முறையை 1970-ல் விரிவாக்கியவர் கம்ப்யூட்டர் அறிவியலின் முன்னோடி டொனால்ட் கனூத். 100 ரோலுக்கு எத்தனை வடிவம் சாத்தியம், 200 ரோலுக்கு எத்தனை என்று கேட்டால், ராமானுஜனும் ஹார்டியும் கொடுத்த ஃபார்முலாதான் விடை சொல்லும்.

எங்கே பயன்படுகிறது? புரோகிராமர்கள் இரண்டு ஃபைல்களுக்கு நடுவே என்ன மாறியது என்று பார்க்கும் சில கருவிகளிலும், மரபணு வரிசைகளை ஒப்பிடும் மம்மர் என்ற மென்பொருளிலும் இந்த எல்ஐஎஸ் இருக்கிறது.

நோயும் திரும்புதலும்

ராமானுஜனின் கேம்பிரிட்ஜ் வருடங்கள் முதல் உலகப் போர் வருடங்கள். சைவ உணவுக்காரர். தானே சமைத்துச் சாப்பிட்டார். போர்க்காலத்தில் வேண்டிய உணவு கிடைப்பது கஷ்டமானது. 1917-ல் உடல்நிலை மோசமானது. காசநோய் என்று சந்தேகித்தார்கள். ஈரலைத் தாக்கும் அமீபா நோயாக இருந்திருக்கலாம் என்பது பிற்கால மருத்துவ ஆய்வு ஒன்றின் முடிவு.

ஒரு மருத்துவமனையில் இருந்து இன்னொரு மருத்துவமனைக்கு மாறிக்கொண்டிருந்த அதே 1918-ல்தான் லண்டன் ராயல் சொசைட்டியின் ஃபெலோ ஆனார். டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆன முதல் இந்தியரும் அவரே. எஃப்.ஏ. தேர்வில் இரண்டு முறை தோற்று 11 வருடம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த 1729 டாக்ஸி நம்பர் கதையும் ஹார்டி மருத்துவமனைக்குப் பார்க்க வந்தபோது நடந்ததுதான்.

1919-ல் இந்தியா திரும்பினார். சென்னையில் சில காலம். ஈரோடு பக்கம் காவிரிக் கரையில் இருக்கும் கொடுமுடியில் சில காலம். பிறகு கும்பகோணம். மறுபடி சென்னை. படுத்த படுக்கையிலும் கணக்கை விடவில்லை. 1920 ஜனவரியில் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் மாக் தீட்டா சார்புகள் என்ற புத்தம் புதிய விஷயத்தைச் சொன்னார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் இறந்தார். வயது 32.

அந்தக் கடைசி மாதங்களில் எழுதிய தாள்கள் இங்கிலாந்துக்குப் போய், பல பத்தாண்டுகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்தன. 1976-ல் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றைக் கண்டெடுத்தார்.

ஜானகி அம்மாள் என்ன ஆனார்?

ராமானுஜன் இறந்தபோது ஜானகிக்கு 21 வயது. கணவரோடு சேர்ந்து வாழ்ந்த காலம் மிகக் குறைவு. கடைசி ஒரு வருடம் அவருக்குப் பணிவிடை செய்ததுதான் அதில் பெரும்பகுதி.

பிறகு பம்பாய் போனார். 1931-ல் சென்னை திரும்பித் திருவல்லிக்கேணியில் குடியேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த பென்ஷனோடு, துணி தைத்துச் சம்பாதித்த பணத்தில் வாழ்ந்தார். உலகமே கொண்டாடும் ஒரு கணித மேதையின் மனைவி, தையல் வேலை செய்து குடும்பம் நடத்தினார். திருப்பூரில் தையல் மெஷினில் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் பெண்களுக்கு இந்த வாழ்க்கை புதிதில்லை.

கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்கள், வைக்கவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. 1980-களில் இது வெளியே தெரிந்ததும், வெளிநாட்டுக் கணிதவியலாளர்கள் பணம் திரட்டினார்கள். அமெரிக்கச் சிற்பி பால் கிரான்லண்ட் செய்த மார்பளவுச் சிலை அவர் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 1994-ல், 95 வயதில் ஜானகி அம்மாள் இறந்தார்.

இன்று

ராமானுஜன் பிறந்த டிசம்பர் 22, 2012 முதல் தேசிய கணித தினமாகக் கொண்டாடப்படுகிறது. அவர் வளர்ந்த கும்பகோணம் சாரங்கபாணி சன்னதி தெரு வீட்டை சாஸ்த்ரா பல்கலைக்கழகம் நினைவு இல்லமாகப் பராமரிக்கிறது. போனால் பார்க்கலாம்.

அடுத்த முறை எல்ஐஎஸ் கேள்வி வந்தால் இரண்டு விஷயம் நினைவில் இருக்கட்டும். எல்லாச் சேர்க்கையையும் எழுதிப் பார்க்க வேண்டாம். அடுத்த அடிக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடலாம். பேப்பர் வாங்கக் காசில்லாமல், சிலேட்டில் அழித்து அழித்துக் கணக்குப் போட்டவருக்கு அது நன்றாகவே தெரிந்திருந்தது.